சவுலைத் தேடிப் போனவர்

ஜனவரி 7, புதன்

வாலிபர் கூட்டத்தின் பொறுப்பு இந்த வருடம் என்னிடம் வந்திருக்கிறது. ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயா முன்னால் அழைத்து ஜெபம்பண்ணினார். வெளியே வரும்போது நிறையப் பேர் வாழ்த்தினார்கள். வயதான ஓர் அம்மா மட்டும் என் கையைப் பிடித்து நிறுத்தி, "போன வருஷம் வந்துகொண்டிருந்த பிள்ளைகளில் யாரெல்லாம் இப்போது வருவதில்லை? பேரை எழுதிக் கொடும்மா, நான் ஜெபிக்கணும்" என்றார்.

என்ன பாடல், என்ன தலைப்பு, யாரைப் பேச அழைப்பது என்றுதான் என் மனம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா கேட்டதுதான் முதல் வேலை என்று இப்போது தோன்றுகிறது. இரவு உட்கார்ந்து எழுதினேன். எதிர்பார்த்ததைவிட நீளமான பட்டியல்.

வேதபாடத்துக்கு, ஆதிச் சபையின் வரலாற்றைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகளிலிருந்து பர்னபாவை எடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜனவரி 11, ஞாயிறு

பர்னபா வரும் இடங்களை மட்டும் தொடர்ச்சியாக வாசித்தேன். அவர் பேசிய பெரிய பிரசங்கம் ஒன்றும் இல்லை. எழுதிய நிருபம் என்று புதிய ஏற்பாட்டில் எதுவும் இல்லை. சீப்புரு தீவைச் சேர்ந்த லேவியன், நிலத்தை விற்றுப் பணத்தை அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்தவர், அவ்வளவுதான் அறிமுகம். ஆனால் அவர் வரும் இடத்திலெல்லாம் வேறு யாரோ ஒருவர் எழுந்து நிற்கிறார்.

பவுல் என்றும் அழைக்கப்பட்ட சவுல் எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் பயந்தார்கள். பயந்ததில் தவறே இல்லை. நேற்றுவரை வீடு வீடாகப் புகுந்து ஆட்களை இழுத்துப்போனவன் இன்று வந்து "நானும் உங்களில் ஒருவன்" என்றால் யார் நம்புவார்கள்? பர்னபா நம்பினார். அப்போஸ்தலரிடம் அவனை அழைத்துக்கொண்டு போய், அவன் சார்பில் இவரே பேசினார் (9:27). சவுல் ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் பர்னபாவின் பெயரும் சேர்ந்தே கெட்டிருக்கும்.

என்னை அதிகமாகப் பிடித்துக்கொண்டது 11-ஆம் அதிகாரம். அந்தியோகியாவில் சபை பெருகுகிறது. பர்னபாதான் அங்கே பொறுப்பாளர். கூட்டம் சேர்ந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில் அவர் கிளம்பித் தர்சுவுக்குப் போகிறார், சவுலைத் தேட. 100 கிலோமீட்டருக்கும் மேலான வழி. வருடக்கணக்கில் யாரும் பேசாத ஒரு மனிதனை, அதுவும் தன்னைவிட வரம் அதிகமுள்ளவனை, தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறார். இருவரும் ஒரு வருடம் முழுவதும் சேர்ந்து உபதேசித்தார்கள். சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதலில் அங்கேதான் வந்தது.

தலைவர் என்றால் முன்னால் நடப்பவர் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். இங்கே ஒருவர் சபையை விட்டுக் கிளம்பித் திரும்பி நடக்கிறார்.

ஜனவரி 20, செவ்வாய்

பட்டியலில் முதல் பெயர் ஒரு தம்பி. கூட்டத்தில் கித்தார் வாசித்துக்கொண்டிருந்தவன். போன வருடம் அவன் அப்பா இறந்துபோனார். அதற்கு அப்புறம் வரவில்லை.

நான் போனபோது மரியாதையாக உட்கார வைத்தான். கொஞ்ச நேரம் வேலையைப் பற்றிப் பேசினோம். பிறகு அவனே ஆரம்பித்தான். "அக்கா, சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. அப்பா போய்விட்டார். இப்போது மேடையில் நின்று நான் என்ன பாட?"

இந்தக் கேள்விக்குச் சட்டென்று ஒரு வசனத்தை எடுத்து நீட்டுவது எனக்குப் பிடிக்காது. வசனம் மருந்துதான், ஆனால் கேட்பவன் பேசி முடிக்கட்டும். அவன் பேசினான், நான் கேட்டேன். கிளம்பும் முன் 88-ஆம் சங்கீதத்தைச் சேர்ந்து வாசித்தோம். பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் எங்காவது ஓரிடத்தில் துதியாகத் திரும்பும். இது திரும்பாது. இருளிலேயே முடிகிறது. ஆனாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கர்த்தரை நோக்கித்தான் பேசுகிறது. "இதுவும் வேதத்தில் இருக்கிறதா?" என்று கேட்டான்.

இருக்கிறது. விசுவாசத்தில் நிலைத்திருப்பது என்றால் எப்போதும் முகமலர்ச்சியோடு இருப்பது என்று யாரோ நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது அவர்கள்மேல் சுமத்தப்பட்ட தேவையில்லாத பாரம். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது, தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. எழுப்பிச் சாப்பிட வைத்தான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். கேள்வி, பதில், பாகாலை வணங்காத 7000 பேர் இன்னும் இருக்கிறார்கள் என்ற செய்தி, எலிசாவை அபிஷேகம்பண்ணும் பொறுப்பு எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

கூட்டத்துக்கு வா என்று அவனைக் கேட்கவில்லை. அடுத்த வாரமும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஜனவரி 28, புதன்

கூட்டத்தின் எல்லா வேலையும் ஒருவர் தலையில் விழும் பழக்கம் இங்கே ரொம்ப நாளாக இருக்கிறது. இன்று யாத்திராகமம் 18-ஐ வாசித்துவிட்டு வேலைகளைப் பிரித்தோம். காலையிலிருந்து சாயங்காலம் வரை தீர்ப்புக் கேட்டு ஜனங்கள் மோசேயைச் சுற்றி நிற்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, நீர் செய்வது நல்லதல்ல என்று முகத்துக்கு நேரே சொன்னார். நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். இரண்டாவது பாதியை நாம் கவனிப்பதில்லை. எல்லாவற்றையும் தானே செய்கிற தலைவரால் காத்திருக்கிறவர்களும் களைத்துப்போகிறார்கள்.

ஜெபக்குறிப்புகளைச் சேகரிப்பது, புதிதாக வருகிறவர்களை விசாரிப்பது, மாதம் ஒரு வேதபாடம் என்று ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள். வாயே திறக்காத ஒரு பெண் வேதபாடத்துக்குக் கை தூக்கியது எல்லாருக்கும் ஆச்சரியம்.

பிப்ரவரி 6, வெள்ளி

நெகேமியா 3-ஆம் அதிகாரத்தை யாரும் பிரசங்கத்துக்கு எடுப்பதில்லை. இடிந்துபோன எருசலேம் மதிலை நெகேமியாவின் தலைமையில் திரும்பக் கட்டினவர்களின் பெயர்ப்பட்டியல்தான் முழுக்க. இன்று அதைத்தான் மெதுவாக வாசித்தேன். தலைமைத்துவத்தைப் பற்றி நான் வாசித்ததில் இதைவிட நல்ல பாடம் இல்லை.

முதலில் யார் யார் கட்டினார்கள் என்று பாருங்கள். பிரதான ஆசாரியன் எலியாசிப் இருக்கிறார். தட்டார் இருக்கிறார்கள், தைலக்காரர் இருக்கிறார். சல்லூம் என்பவர் தன் குமாரத்திகளோடு வந்து கட்டினார். மதில் கட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தெரிந்தவர்கள் வரட்டும் என்று நெகேமியா காத்திருந்திருந்தால் மதில் எழும்பியிருக்காது.

அப்புறம், "தன் வீட்டுக்கு எதிரே" என்று திரும்பத் திரும்ப வருகிறது. பலருக்கு அவரவர் வீட்டின் எதிரே இருந்த பகுதியே வேலையாக வாய்த்திருக்கிறது. தன் பிள்ளைகள் தூங்கும் வீட்டுக்கு முன்னால் இருக்கும் மதிலை யாரும் அரைகுறையாகக் கட்டமாட்டார்கள். மற்றவர்களை உற்சாகப்படுத்துவது என்றால் ஆவேசமாகப் பேசுவது என்று நினைக்கிறோம். ஒருவருடைய மனம் ஏற்கெனவே எங்கே இருக்கிறதோ, அங்கே அவருக்கு வேலை கொடுப்பதும் உற்சாகப்படுத்துவதுதான்.

தெக்கோவா ஊர்க்காரர்களை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர்களுடைய பிரபுக்கள் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்று 5-ஆம் வசனம் சொல்கிறது. மேலே இருப்பவர்கள் ஒத்துழைக்காவிட்டால் கீழே இருப்பவர்கள் விட்டுவிடுவதுதான் வழக்கம். 27-ஆம் வசனத்தில் அதே தெக்கோவா ஜனங்கள் மதிலின் இன்னொரு பங்கையும் கட்டுகிறார்கள்! மேலிடத்தில் ஆதரவு இல்லை என்று சோர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு வாலிபர் கூட்டத்துக்கும் இந்த இரண்டு வசனங்களையும் வாசித்துக் காட்டவேண்டும்.

நெகேமியா 12 வருடம் அதிபதியாக இருந்தும் அதிபதிக்குரிய படியை வாங்கிச் சாப்பிடவில்லை. ஜனங்கள்மேல் பாரம் ஏற்கெனவே அதிகம் என்பதுதான் அவர் சொன்ன காரணம். தன் வேலைக்காரரையும் மதில் வேலையிலேயே வைத்திருந்தார். 52 நாளில் மதில் முடிந்த கதை எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் கிஸ்லே மாதத்திலிருந்து நிசான் மாதம் வரை, ஏறக்குறைய நான்கு மாதம், அழுதும் உபவாசித்தும் காத்திருந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. கட்டிய நாட்களைவிட ஜெபித்த நாட்கள் அதிகம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

இன்றைய கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். நல்ல வாக்குவாதம்.

பகுதி அப்போஸ்தலர் 15-இன் முடிவு. மாற்கு என்னும் யோவான், பர்னபாவும் பவுலும் போன முதல் ஊழியப் பயணத்தில் பம்பிலியாவில் விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிப் போனவன். இரண்டாவது பயணத்துக்கு அவனையும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் பர்னபா. கூடாது என்கிறார் பவுல். இருவருக்கும் கடும் கோபம் மூண்டு பிரிந்துபோனார்கள். நடபடிகளை எழுதிய லூக்கா இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

யார் சொன்னது சரி? பாதிப் பேர் பவுல் பக்கம். ஆபத்தான பயணம், நடுவழியில் விட்டுப்போகிறவனை நம்பி மற்றவர்களின் உயிரைப் பணயம் வைக்க முடியுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பர்னபாவுக்கு மாற்கு உறவுக்காரன்தானே என்று ஒரு தம்பி கொலோசெயர் 4:10-ஐக் காட்டினான். அதுவும் உண்மை. பர்னபா குறையே இல்லாதவரும் இல்லை. பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடாமல் விலகியபோது இவரும் அந்த மாயத்தில் (வெளிவேஷத்தில்) இழுப்புண்டார் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியிருக்கிறார்.

நான் பர்னபா பக்கம்தான். பவுல் வேலையைப் பார்த்தார், பர்னபா ஆளைப் பார்த்தார். இரண்டும் வேண்டும். ஆனால் பவுலையே யாரும் நம்பாத நாளில் நம்பியவர் பர்னபா. அந்த ஒரு செயல் இல்லாவிட்டால் பவுலுக்கு எருசலேமில் கதவு திறந்திருக்குமா? மாற்குவைச் சீப்புருவுக்குக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறியதோடு அப்போஸ்தலர் நடபடிகளில் பர்னபாவின் கதை முடிகிறது. அவர் மாற்குவிடம் என்ன பேசினார், எத்தனை மாதம் கூட இருந்தார் என்று ஒரு வரிகூட இல்லை. பலன் மட்டும் வேறு இடத்தில் வெளியே வருகிறது. மரணம் நெருங்கிய நேரத்தில் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்."

இந்த வசனத்தை வாசித்தபோது பின்வரிசையில் அந்தக் கித்தார் தம்பி இருந்தான். ஆமாம், வந்திருந்தான். யாரும் திரும்பிப் பார்த்து அவனைச் சங்கடப்படுத்தவில்லை. அதற்காக இந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

பிப்ரவரி 24, செவ்வாய்

1791-ஆம் ஆண்டு இதே தேதியில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஒரு கடிதம் எழுதினார். அவருக்கு வயது 87. பெற்றவர் வில்லியம் வில்பர்போர்ஸ், 31 வயது பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர், அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடிக்கொண்டிருந்தவர். தேவனே உன்னை இதற்காக எழுப்பியிருக்காவிட்டால் மனிதரின் எதிர்ப்பிலேயே நீ தேய்ந்துபோவாய். அவர் உன்னோடிருந்தால் யார் எதிர்நிற்க முடியும், நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதே என்பதுதான் கடிதத்தின் சாரம். ஆறு நாள் கழித்து, மார்ச் 2-இல் வெஸ்லி இறந்துபோனார்.

கடிதம் வந்த கையோடு வெற்றி வந்துவிட்டதா? இல்லை. அந்த ஏப்ரலிலேயே தீர்மானம் 163-க்கு 88 என்று தோற்றது. அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் 1807-இல்தான் வந்தது. அடிமைகளை விடுவிக்கும் மசோதா கீழவையில் நிறைவேறப்போகிறது என்ற செய்தி 1833 ஜூலை 26-இல் வில்பர்போர்ஸுக்குக் கிடைத்தது. மூன்று நாளில் அவரும் காலமானார்.

அவர் தனியாக நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஊர் ஊராகப் போய்ச் சாட்சியங்களைத் திரட்டிய தாமஸ் கிளார்க்சன், தானே அடிமையாக இருந்து விடுதலை பெற்றுத் தன் கதையை உலகத்துக்குச் சொன்ன ஒலாவுதா ஈக்வியானோ, பெயர் தெரியாமல் மனுக்களில் கையெழுத்திட்ட ஆயிரக்கணக்கான ஜனங்கள். நீண்ட காலம் நிலைத்திருந்தவர்களின் வரலாற்றைத் தோண்டினால் கூட நின்றவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அமலேக்கோடு யுத்தம் நடந்தபோது மோசேயின் கைகளைத் தாங்கியது ஆரோனும் ஊர் என்பவரும்தான்.

இன்று பட்டியலில் உள்ள மூன்று பேருக்குக் கையால் கடிதம் எழுதினேன். ஒவ்வொருவரிடமும் நான் கண்ட நல்லதை, எங்கே எப்போது கண்டேன் என்பதோடு எழுதினேன். "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார்" என்று பொதுவாக எழுதுவது சுலபம். "அந்தச் சிறுவன் அழுதபோது நீ அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாயே" என்று எழுத, அவர்களைக் கவனித்திருக்கவேண்டும். அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஏவப்படும்படி ஒருவரையொருவர் கவனிக்கச் சொல்கிறது எபிரெயர் 10:24.

மார்ச் 4, புதன்

வாய் திறக்காத அந்தப் பெண் இன்று வேதபாடம் நடத்தினாள். பெயர்களின் வரிசையை எடுத்துக்கொண்டாள். அப்போஸ்தலர் நடபடிகள் 13-ஆம் அதிகாரம் தொடங்கும்போது "பர்னபாவும் சவுலும்". அதே அதிகாரம் முடிவதற்குள் "பவுலும் பர்னபாவும்". லீஸ்திராவிலும் எருசலேமிலும் மட்டும் பழைய வரிசை மறுபடி வருகிறது. தான் தேடிக் கூட்டிவந்தவன் தன்னைத் தாண்டிப் போனபோது பர்னபா முணுமுணுத்ததாக எங்கும் எழுதப்படவில்லை என்று சொன்னாள். பிறகு எங்களைப் பார்த்து, "உங்களைத் தாண்டிப் போகப் போகிற ஒருவருடைய பெயரைச் சொல்ல முடியுமா?" என்று கேட்டாள்.

நான் அவள் பெயரைத்தான் சொன்னேன்.

கித்தார் தம்பி இன்னும் பாடுவதில்லை. பாட வேண்டும் என்று நான் சொல்லப்போவதும் இல்லை. ஆனால் கூட்டம் முடிந்து என்னிடம் வந்தான். பட்டியலில் நான்காவதாக இருக்கும் பையன் அவனுடைய பழைய நண்பனாம். "அக்கா, அவன் வீட்டுக்கு நீங்கள் மட்டும் போனால் பேசமாட்டான். நான் முதலில் போய்ப் பார்க்கிறேன்" என்றான். சனிக்கிழமை போகிறான்.