ஆட்குறைப்புக் கடிதத்திலிருந்து பயிற்சிப் படித்தொகை வரை: சிங்கப்பூரில் என் அனுபவம்

சிங்கப்பூரில் நாற்பது வயதைக் கடந்தபின் வேலையிழக்கும் குடிமகனுக்கு அரசாங்கம் தரும் ஆதரவு ஒரே திட்டமாக இல்லை. வேலை தேடும் காலத்துக்கு ஒன்று, வகுப்புக் கட்டணத்துக்கு ஒன்று, படிக்கும் காலத்தில் வீட்டுச் செலவுக்கு ஒன்று என, தனித்தனி விதிகளோடு அவை அமைந்துள்ளன. 2025இல் தளவாட நிறுவனமொன்றில் வேலையிழந்து இம்மூன்றையும் பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, வேலையை விட்டு வெளியேறும்போது நாம் கையெழுத்திடும் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவை மூடியபோது நிறுவனம் எங்களிடம் நீட்டியது ஆட்குறைப்புக் கடிதமன்று, பதவி விலகல் கடிதம். தாமாக விலகியதாக இருந்தால் அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பெயர் கெடாது என்று விளக்கமும் தந்தார்கள். தொழிற்சங்கத்தில் இருக்கும் என் மைத்துனர் அதில் கையெழுத்திட வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னார். குறைந்தது 10 ஊழியர்களைக் கொண்ட நிறுவனம், ஆட்குறைப்பு செய்தால் ஐந்து வேலை நாள்களுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை எடுத்துச் சொல்லிக் கேட்ட பிறகே எனக்கு உரிய கடிதம் கிடைத்தது. பக்கத்து மேசை நண்பரோ அதற்குள் கையெழுத்திட்டுவிட்டார்.

அந்தக் கடிதத்தின் அருமை, தேசியத் திறன் மேம்பாட்டு இயக்கமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரின் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்துக்கு விண்ணப்பித்தபோதுதான் புரிந்தது. ஏப்ரல் 2025இல் தொடங்கிய இத்திட்டம் தம் விருப்பமின்றி வேலையிழந்தவர்களுக்கு மட்டுமே உரியது. முந்தைய சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் இருக்கக்கூடாது. வீட்டின் ஆண்டு மதிப்பையும், அதாவது அதை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கக்கூடியதாக மதிப்பிடப்படும் தொகையையும், பார்க்கிறார்கள். முதல் மாதம் 1,500 வெள்ளி, பின் 1,250, பின் 1,000, அதன்பின் மூன்று மாதங்களுக்கு 750 என, ஆறு மாதங்களில் அதிகபட்சம் 6,000 வெள்ளி கிடைக்கும். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வீட்டுக்கு 750 வெள்ளி போதவே போதாது என்பதே என் கருத்து. ஆனால் ஒவ்வொரு மாதத் தொகையைப் பெறுவதற்கும் வேலைக்கு விண்ணப்பித்தல், ஆலோசகரைச் சந்தித்தல் போன்றவற்றால் புள்ளிகள் சேர்க்க வேண்டும் என்ற விதி எனக்கு உண்மையில் நன்மை செய்தது. அதன் பொருட்டுச் சந்தித்த வாழ்க்கைத்தொழில் ஆலோசகர், என் சேமக்கிடங்கு அனுபவத்தை வீணாக்காமல், விநியோகத் தொடர் தரவுப் பகுப்பாய்வில் முழுநேரப் பயிற்சி பெறுமாறு கூறினார். 40 வயதும் அதற்கு மேற்பட்ட குடிமக்களுக்கு மே 2024இல் வழங்கப்பட்ட 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகைக்குக் காலாவதி இல்லை என்பதால், வேலை கிடைக்காத பதற்றத்தில் கண்ட வகுப்பிலும் அதைச் செலவழிக்க வேண்டாம் என்றும் எச்சரித்தார்.

கட்டணம் பெரிய சுமையாக இருக்கவில்லை. வாழ்க்கைத்தொழில் மாற்றத் திட்டத்தின்கீழ் வரும் வகுப்பென்பதால், என் வயதினருக்கு 90 விழுக்காடு வரை கழிவு உண்டு. எஞ்சியதைச் சிறப்புத்தொகையிலிருந்து செலுத்தினேன். அரசாங்க இணையச் சேவைகளுக்கான மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக உள்நுழைந்து செய்யும் இந்தக் கோரிக்கையை வகுப்பு தொடங்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

கவலையெல்லாம் படிக்கும் மாதங்களின் வீட்டுச் செலவைப் பற்றியதே. பயிற்சிப் படித்தொகை அண்மைய 12 மாதச் சராசரி வருமானத்தில் பாதி. மாதத்துக்குக் குறைந்தது 300, அதிகபட்சம் 3,000 வெள்ளி. வாழ்நாளில் மொத்தம் 24 மாதங்களுக்குப் பெறலாம். பாதிச் சம்பளம் என்றாலும், அது ஒழுங்காக வரும் என்ற உறுதி இருந்ததால்தான் என் மனைவி கூடுதல் நேர வேலைக்குப் போகாமல் இருந்தார். நானும் வகுப்பில் மனம் வைத்துப் படிக்க முடிந்தது. இத்திட்டங்களில் மிகவும் பயனுள்ளது இதுவே என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

பதவி விலகல் கடிதத்தில் கையெழுத்திட்ட நண்பர், தமக்கு இனி எதுவும் கிடைக்காது என்று நெடுநாள் ஒதுங்கியே இருந்தார். வேலை தேடுவோர் ஆதரவு அவருக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் சிறப்புத்தொகைக்கும் கட்டணக் கழிவுக்கும் பயிற்சிப் படித்தொகைக்கும், முந்தைய வேலையை ஏன் விட்டார் என்பது ஒரு தகுதி விதி அன்று. இப்போது அவரும் ஒரு முழுநேர வகுப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார்.