பில் போடாத வருடங்கள்

எங்கள் ஸ்டுடியோ தொடங்கி மூன்றாவது வருடம். கையில் ஆர்டர் நிறைய இருந்தது, ஒரு வார இறுதிகூட சும்மா போகவில்லை. அப்படிப்பட்ட ஒரு மாதக் கடைசியில் ஆல்பம் அச்சடிப்பவருக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தால் அதில் பாதிகூட இல்லை. என் கூட்டாளி லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு வேலை பாத்திருக்கோம், காசெல்லாம் எங்க போச்சு?" என்றேன். "நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லுங்க" என்று, ரசீதுகளைத் திணித்து வைத்திருந்த ஒரு பழைய கேமரா பையை என் பக்கம் தள்ளினார். கணக்கு என் தலையில் விழுந்தது இப்படித்தான். நானும் படம் எடுக்க வந்தவன்தான். கூட்டல் கழித்தல் ஆசையில் யாரும் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை.

பையில் இருந்ததை வைத்துக் கணக்கு எழுத முடியவில்லை. பாதி ரசீதில் மை அழிந்திருந்தது. அதனால் அடுத்து வந்த ஒரு திருமண வேலையை முழுக்கப் பின்தொடர்ந்து, எதற்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று நோட்டில் குறித்தேன். முதல் சந்திப்பும் தொலைபேசிப் பேச்சும் 3 மணி. பேட்டரி சார்ஜ், கார்டு காலி செய்வது, பொருட்களைச் சரிபார்ப்பது 2. போக வர 2. படம் எடுத்தது 8. சுமார் 3,000 படங்களை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி 600 ஆகக் குறைக்க 5. அந்த 600க்கும் ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்தாலே எடிட்டிங் 15. ஆல்பம் வடிவமைப்பும் திருத்தங்களும் 8. ஒப்படைப்பது, அலைவது, எழுதி வைப்பது 3. கூட்டினால் 46.

நாங்கள் விலை சொல்லும்போது மனதில் இருந்தது அந்த 8 மணி நேரம் மட்டும்தான். "ஒரே நாள்ல இவ்வளவா!" என்று பார்ட்டி வாயைப் பிளந்தபோது எங்களுக்கே அது அதிகம்தான் என்று தோன்றியிருக்கிறது. உண்மையில் மணிக்கு எங்களுக்குக் கிடைத்தது நாங்கள் நினைத்ததில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அந்த நோட்டைக் கூட்டாளியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "டிராவல் ரெண்டு மணின்னு போட்டிருக்கீங்க, அன்னைக்கு மூணு ஆச்சு" என்றார்.

அதற்கு முன் எங்கள் விலை எப்படி வந்தது என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. தெரிந்த இன்னொருவர் வாங்கும் தொகையைக் கேட்டு, அதில் கொஞ்சம் குறைத்துச் சொல்வோம். அவருக்குச் சொந்தக் கட்டிடம், எங்களுக்கு வாடகை. அவர் பொருட்களின் கடனை என்றோ அடைத்துவிட்டார், எங்களுக்குத் தவணை ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குக் கட்டுப்படியாகும் விலை எங்களுக்கும் ஆகும் என்று எப்படித்தான் நம்பினோமோ!

தேய்மானம் என்ற சொல்லைக் கணக்காளர்கள் வாயில் கேட்டிருக்கிறேன், அது வரிப் படிவத்தில் எழுதும் ஏதோ ஒன்று என்று இருந்தேன். புரிய வைத்தது, ஒவ்வொரு படத்துக்கும் கேமராவுக்குள் திறந்து மூடும் ஷட்டர் என்ற சிறு கதவுதான். கேமரா தயாரிப்பாளர்கள் ஷட்டருக்கு ஓர் ஆயுள் கணக்கு சொல்வார்கள். கேனான் 5டி மார்க் 4க்கு அது 1,50,000 கிளிக், நிக்கான் டி850க்கு 2,00,000. அந்த எண் வந்ததும் உடைந்துவிடாது, பல கேமராக்கள் அதைத் தாண்டியும் ஓடும். சில முன்னாலேயே மடியும். ஆனால் கணக்குக்கு அது போதும். ஒரு நிகழ்ச்சிக்கு 3,000 கிளிக் என்றால் 1,50,000 என்பது 50 நிகழ்ச்சி. அதாவது ஒவ்வொரு முறை வேலைக்குப் போய்வரும்போதும் ஷட்டரின் ஆயுளில் 2 சதவீதத்தைக் கொடுத்துவிட்டு வருகிறேன். அதை யார் பில்லிலும் நான் சேர்த்ததில்லை. கதவு அசையாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, இருந்தாலும் பேட்டரி, கார்டு, ஃப்ளாஷ், கம்ப்யூட்டர் என்று தேய்வதற்கு வேறு பொருட்கள் இருக்கவே இருக்கின்றன. அன்றிலிருந்து ஒவ்வொரு வேலையிலும் ஒரு பங்கை அடுத்த கேமராவுக்கு என்று தனியாக எடுத்து வைக்கிறோம்.

தள்ளுபடிதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. 100க்கு ஒரு வேலை, அதில் செலவும் எங்கள் சம்பளமும் 70, மிச்சம் 30 என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதம் குறைத்தால் போவது பத்துதானே என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். அந்தப் பத்து முழுவதும் மிச்சத்திலிருந்துதான் போகிறது. செலவு 70 அசையாது. 30 இருந்த இடத்தில் 20. முன்பு இரண்டு வேலையில் நின்ற பணத்துக்கு இப்போது மூன்று வேலை பார்க்க வேண்டும். இதைக் கண்டுபிடித்த பிறகு விலையைக் குறைப்பதை நிறுத்திவிட்டு வேலையைக் குறைக்கப் பழகினோம். "அந்தத் தொகைக்கு இரண்டாவது கேமரா இல்லாமல் செய்யலாம், ஆல்பத்தில் 10 பக்கம் குறைக்கலாம்" என்று சொன்னால் பலர் யோசித்துவிட்டு முழு விலைக்கே வருகிறார்கள். சிலர் போய்விடுகிறார்கள். போகிறவர்களைப் பார்த்து முதல் ஆறு மாதம் வயிற்றைக் கலக்கியது, பொய் சொல்ல மாட்டேன்.

சரி, இவ்வளவு கண்டுபிடித்தும் வங்கிக் கணக்கு ஏன் காலியாக இருந்தது என்ற கேள்விக்கு விடை வேறு இடத்தில் இருந்தது. முன்பணம். புதிய ஆர்டருக்கு அட்வான்ஸ் வந்ததும் அதை எடுத்துப் பழைய ஆர்டரின் ஆல்பத்தை அச்சடித்திருக்கிறோம். அந்தப் புதிய ஆர்டரின் ஆல்பத்துக்கு அதற்கடுத்த அட்வான்ஸ். ஆர்டர் தொடர்ந்து வரும்வரை இந்த ஓட்டை தெரியாது. முகூர்த்த நாள் குறைவான இரண்டு மாதம் வந்தால் அப்படியே நின்றுவிடும், நின்றது. வேலை முடியாத முன்பணம் நம்முடையதல்ல, பார்ட்டி நம்மிடம் கொடுத்து வைத்திருப்பது. அதற்குத் தனிக் கணக்கு திறந்தோம். வேலை முடிய முடிய அதிலிருந்து ஸ்டுடியோ கணக்குக்கு மாற்றுகிறோம். வரிக்குப் போக வேண்டிய பணத்துக்கும் இதே வழிதான். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், அதை ஒரு கணக்காளரிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறேன்.

பணம் வரும் முறையையும் மாற்றினோம். முன்பு பாதி முதலில், பாதி ஆல்பம் கொடுக்கும்போது. ஆனால் ஆல்பத்துக்கான படங்களைத் தேர்ந்தெடுக்கச் சிலர் எட்டு மாதம் எடுத்துக்கொள்வார்கள், எங்கள் பாதியும் அதுவரை அவர்களிடமே. இப்போது பதிவு செய்யும்போது 50, நிகழ்ச்சிக்கு முன் 40, படங்களை ஒப்படைக்கும்போது 10.

ஒப்பந்தம் எழுதுவதைக் கூட்டாளி கடைசிவரை எதிர்த்தார். "நம்பி வர்றவங்ககிட்ட காகிதத்தை நீட்டுறதா?" என்பார். அவர் மனதை மாற்றியது ஒரு ஆல்பம். பதினோரு முறை திருத்தினோம். ஒவ்வொரு முறையும் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றுதான் கேட்டார்கள், அவர்கள் மேல் தப்பும் இல்லை. எத்தனை முறை என்று நாங்கள் சொல்லவே இல்லையே. இப்போது இரண்டு முறை, அதற்கு மேல் தனிக் கட்டணம் என்று எழுதியிருக்கிறோம். தள்ளிவைத்தால் என்ன, ரத்தானால் என்ன, ரா ஃபைல் எனப்படும் எடிட் செய்யாத மூலப் படங்களைத் தருவோமா மாட்டோமா, படங்களை எத்தனை மாதம் பாதுகாப்போம், எல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது.

உரிமை விஷயத்தில் அடி இன்னும் பலமாக விழுந்தது. ஒரு நிறுவனத்துக்கு உள்சுற்று இதழுக்காகச் சில படங்கள் எடுத்தோம், அதற்கேற்ற சிறிய தொகை வாங்கினோம். பிறகு ஒருநாள் அதே படம் பெரிய விளம்பரப் பலகையில் நிற்கிறது. கேட்டபோது, "நாங்கதான் பணம் கொடுத்தோமே" என்றார்கள். பல நாடுகளில் படத்தின் உரிமை முதலில் எடுத்தவருடையது. சம்பளத்துக்கு எடுத்ததா, ஆர்டரின் பேரில் எடுத்ததா என்பதைப் பொறுத்துச் சில இடங்களில் அது மாறும். எங்களிடம் எழுத்தில் எதுவும் இல்லாததால் வாதாட ஒன்றும் இல்லை. 1947இல் ராபர்ட் கேப்பாவும் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோனும் இன்னும் சிலரும் சேர்ந்து மேக்னம் என்ற புகைப்படக்காரர்கள் கூட்டுறவைத் தொடங்கியதே, பத்திரிகைகள் பணம் கொடுத்தாலும் படத்தின் உரிமை எடுத்தவரிடம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். இதைப் படித்திருந்தும் எங்கள் கொட்டேஷனில் ஒரு வரி சேர்க்கத் தோன்றவில்லை. எங்கே பயன்படுத்தலாம், எவ்வளவு காலம் என்ற அந்த வரியைச் சேர்த்த பிறகு, ஒரே படத்துக்கு இரண்டாம் முறை கட்டணம் வாங்கியிருக்கிறோம்.

பாதுகாப்பு நகல் பற்றி ஒரு சொல். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 விதி எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஆகும் டிஸ்க் செலவை விலையில் சேர்த்தவர்களை மட்டும் அதிகம் பார்த்ததில்லை. டிஸ்க்கை மிச்சப்படுத்துவது எப்போதுமே அந்த மூன்றாவது பிரதியில்தான்.

ஒரு சமயம், வாங்க ஆளில்லாத ஒரு பெரிய ஆவணத் திட்டத்தைச் சொந்தப் பணத்தில் செய்யலாம் என்று கூட்டாளி துடித்தார். அப்போது அவருக்கு மாத்யூ பிரேடியின் கதையைச் சொன்னேன். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் படமெடுக்க அவர் கைப்பணம் சுமார் 1,00,000 டாலர் போட்டார், போர் முடிந்ததும் அரசு வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில். அரசு 1875இல்தான் வாங்கியது, 25,000 டாலருக்கு. 1896இல் கடனோடே இறந்தார். கூட்டாளி கேட்டுவிட்டு, "ஆனா அந்தப் படங்க இருக்கே" என்றார். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. திட்டத்துக்கு வருடத்தில் பத்து நாள் என்று ஒதுக்கி நோட்டில் எழுதிவிட்டோம்.

இப்படி எல்லாம் ஒழுங்கானபோதும் ஒன்று மட்டும் என்னால் முடியாமல் இருந்தது. வராத பாக்கியைக் கேட்பது. முகத்தாட்சண்யம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏழு பேர் இருந்தார்கள், அதில் ஒருவருடைய தொகை பெரியது, பதினான்கு மாதப் பழசு. அவரைத் தெருவில் பார்த்தால் நான்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், கடன்காரன் நான் என்பதுபோல. அவரோ ஒவ்வொரு முறையும் நின்று நலம் விசாரிப்பார். எவ்வளவு அழுத்தமான ஆள் என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

கடைசியில் ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, தேதியும் தொகையும் மட்டும் எழுதி ஒரு பில் அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே பணம் வந்துவிட்டது. பின்னாலேயே அவரிடமிருந்து அழைப்பு.

"என்ன தம்பி, பில்லே வரலையே, இன்னும் ஏதோ வேலை பாக்கி இருக்கு போலன்னுல்ல நினைச்சுட்டு இருந்தேன்."