நியூ ஃபாரஸ்ட்ல லயன்ஸ் மேன் காளான்: கண்டுபிடிச்சாச்சு, பறிக்கத்தான் முடியாது

ரொம்ப நாளா தேடிட்டிருந்த ஹெரிசியம் எரினேசியஸ், அதான் லயன்ஸ் மேன், இந்த அக்டோபர்ல ஒருவழியா சிக்கிருச்சு. இடம் இங்கிலாந்துல ஹாம்ப்ஷயர் பக்கம் நியூ ஃபாரஸ்ட். எந்தப் பகுதி எந்த மரம்னு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

காளான்னா தரையைப் பாத்துட்டே நடப்போம்ல, இதுக்கு அது வேலைக்காகாது. வயசான பீச் (beech, பழம் தர்ற பீச் இல்ல) மரத்தோட நடுக்கட்டையை உள்ளருந்தே மக்க வைக்கிற பூஞ்சை இது, அதனால கிளை ஒடிஞ்ச காயம், பொந்து, இல்லேன்னா விழுந்து கிடக்குற அடிமரம்னு இந்த மாதிரி இடத்துலதான் வெளிய வரும், பல சமயம் நல்ல உயரத்துல வேற. ஓக்லயும் எப்பவாச்சும் வரும். அதனால ஒரு சின்ன பைனாகுலர் வச்சுக்கிட்டு பெரிய பெரிய பீச்சா பாத்து அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலிதான் மிச்சம்னு நெனச்சப்போ, கெடச்சது என்னவோ விழுந்து கிடந்த மரத்துல, முழங்கால் உயரத்துல!

வெள்ளையா முள்ளு முள்ளா தொங்குதுன்னு பாத்த உடனே முடிவு பண்ணக் கூடாது. இங்க ஹெரிசியம் மூணு வகை இருக்கு. கோரலாய்டஸ்னா பவளம் மாதிரி கிளை கிளையா பிரிஞ்சு அந்தக் கிளை நெடுக குட்டி முள்ளா இருக்கும். சிரேட்டம்னா தட்டு தட்டா அடுக்கா வரும், முள்ளு அடியில மட்டும், ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூட இருந்தா அதிகம். எரினேசியஸ்ல கிளையும் கிடையாது தட்டும் கிடையாது, ஒரே உருண்டை, அதுலருந்து சேமியாவைத் தொங்க விட்டாப்ல நீள நீளமா முள்ளு. நான் ஸ்கேலைப் பக்கத்துல பிடிச்சு போட்டோ எடுத்தேன், நாலு சென்டிமீட்டர் தாண்டி இருந்துச்சு, கைப்பிடி வச்ச முகம் பாக்குற கண்ணாடியை அடியில விட்டுப் பாத்தேன், கிளைப் பிரிவே இல்ல. இளசா இருக்கும்போதுதான் குழப்பம், முள்ளு சரியா நீண்டிருக்காது.

இன்னும் உறுதியாகட்டும்னு கண்ணாடி ஸ்லைடு ஒண்ணை முள்ளுக்கு அடியில, காளானைத் தொடாம வச்சுட்டு, கொண்டு போன புளிசாதத்தைச் சாப்பிட்டு வந்தோம், லேசா வெள்ளைத்தூள் விழுந்திருந்துச்சு. அந்தத் தூள்தான் ஸ்போர், காளானுக்கு விதை மாதிரி. வீட்ல மைக்ராஸ்கோப்ல பாத்தா ஒவ்வொண்ணும் 5லருந்து 6 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), மத்த ரெண்டுக்கும் இதைவிடச் சின்னது. சந்தேகம் தீர்ந்துச்சு.

கூட வந்த மச்சான்தான் "ஓரமா கொஞ்சம் கிள்ளிக்கலாமேடா மாப்ள, யாரு பாக்கப் போறா"ன்னான். இது இந்த ஊரு 1981 வனவிலங்குச் சட்டத்தோட அட்டவணை 8ல, அதாவது பாதுகாக்கப்பட்ட பட்டியல்ல, இருக்குற காளான்டா, காட்டுல வளர்றதைப் பறிச்சாலும் குத்தம் வித்தாலும் குத்தம்னு சொன்னதும் கையைப் பாக்கெட்டுல விட்டுக்கிட்டான். இடத்தைச் சொல்ல மாட்டேன்னதும் இதுக்குத்தான், பழைய பீச் இருக்குற காட்டுலயே அபூர்வமா வர்றது, போட்டோக்குன்னு கூட்டம் போனாலே மிதிபட்டுரும்.

சாப்பிட ஆசையா, மரத்தூள்ல வளர்த்தது கடையிலயே கிடைக்குது, நாங்க அதைத்தான் வாங்கினோம். எண்ணெய் இல்லாம வெறும் கடாயில போட்டு அழுத்தி தண்ணியை வத்த விட்டுட்டு அப்புறம் நெய்யும் மிளகும் போடுங்க, நண்டு வாசம் லேசா அடிக்கும்.

அடுத்து கோரலாய்டஸ். அதுக்கும் விழுந்த பீச்சாத்தான் பாக்கணும், நல்லவேளை கழுத்துக்கு ரெஸ்ட்.