மூக்குக்கண்ணாடியும் கெட்டிக்காரத்தனமும்

ஆண், பெண் பற்றிய முன்முடிவுகள் குழந்தைகளிடம் எந்த வயதில் வேர்விடுகின்றன என்று ஆராயும் பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து, அம்பாசமுத்திரம் வட்டாரப் பள்ளிகளுக்குச் சென்றுவருகிறேன். லின் பியானும் சக ஆய்வாளர்களும் 2017இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, தம் பாலினரை மிகுந்த அறிவாளிகளாகக் கருதுவதில் ஐந்து வயது அமெரிக்கச் சிறுமியர் சிறுவர்களுக்குச் சளைக்கவில்லை. ஆறு வயதிலேயே பின்தங்கிவிட்டனர்.

அதே முறையில் நாங்களும், ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காமல் ஒரு கெட்டிக்காரரின் கதையைச் சொல்லி, அவர் யாரென்று நான்கு படங்களில் தொட்டுக்காட்டச் சொல்கிறோம். ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, சேலை கட்டிய பெண்ணின் படத்தருகே விரலைக் கொண்டுபோய், டீச்சரை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆணின் படத்தைத் தொட்டாள். காரணம் கேட்டால், “அந்த மாமா கண்ணாடி போட்டிருக்காவ” என்கிறாள். (நியாயம்தானே!) அடுத்த சுற்றில் படத்தில் யாருக்கும் கண்ணாடி கிடையாது, டீச்சரும் வெளியே இருப்பார்.