அக்கா சொன்னது நிஜம்தான், ஆனால் போட முடியாது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே மசாலாத்தூள், சத்துமாவு, முருங்கைக்கீரைப் பொடி செய்து விற்கிறேன். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்த குடும்பங்களும், ஈப்போ, கிள்ளான் பக்கம் போய்விட்ட அவர்களின் பிள்ளைகளும்தான் என் வாடிக்கையாளர்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வரும் பாராட்டுகளை முகநூல் பக்கத்தில் போடலாம் என்று உட்கார்ந்தேன். இருந்ததிலேயே நல்ல பாராட்டுதான் முதலில் கழிந்தது.

ஓர் அக்கா குரல்பதிவு அனுப்பியிருந்தார்: “உன் முருங்கைப் பொடி குடிக்க ஆரம்பிச்சதிலேருந்து இனிப்பு நீர் கொறஞ்சிருச்சும்மா. டாக்டரே என்னா சாப்பிடுறீங்கன்னு கேட்டாரு.” இதைப் போட்டால் ஆர்டர் குவியும். ஆனால் எந்தப் பொருளையும் நீரிழிவு (அக்கா சொன்ன ‘இனிப்பு நீர்’), ரத்தக் கொதிப்பு, புற்றுநோய் போன்ற நோய்களைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. ‘சொன்னது நான் இல்லையே, அவங்கதானே’ என்பதும் எடுபடாது. என் பக்கத்தில் நான் போட்டால் அது என் விளம்பரம். அதோடு, அதே பதிவின் கடைசியில் “மாத்திரையும் விடாம போடுறேன்” என்றும் சொல்லியிருந்தார். அதைக் கேட்காத யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியை நம்பினால்?

‘இனிப்பு நீர்’ வார்த்தையை மட்டும் வெட்டிவிட்டு, டாக்டர் கேட்டதைப் போடலாமே என்றார் என் வீட்டுக்காரர். அது இன்னும் மோசம். சொல்லாமல் சொல்வதுதானே அது! அக்காவுக்குப் போன் போட்டு, ருசி எப்படி என்று மட்டும் கேட்டேன். “கசப்பே தெரியலமா, ரசத்துல போட்டா பேரப்பிள்ளைங்களே குடிக்குதுங்க.” அதைத்தான் போட்டேன்.

அடுத்தது அனுமதி. பெயரும் படமும் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. உடல்நலத் தகவலுக்கு வெளிப்படையான சம்மதமே வேண்டும். எனக்குப் புலனத்தில் பாராட்டினார்கள் என்பதற்காக ஊருக்கே காட்டச் சொன்னதாக ஆகாது. அதனால் போடப்போகும் படத்தையே அனுப்பி இப்படிக் கேட்கிறேன்: “அக்கா, நீங்க எழுதினத இதே மாதிரி என் முகநூல்ல போடலாமா? பேரு, படம் போடலாமா, வேண்டாமா? பிறகு எடுக்கச் சொன்னா எடுத்துடுவேன்.” வரும் பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்வேன். ஒருத்தர், “பேரு மட்டும் போட்டுடாத, மாமியா அரைச்ச தூளு வீட்டுல கெடக்கு” என்றார். அவர் பெயரில்லாமல் ‘தாப்பா வாடிக்கையாளர்’ ஆனார். இன்னொருத்தர் சம்மதம் தந்துவிட்டுப் பிறகு வேண்டாம் என்றார், எடுத்துவிட்டேன். சம்மதத்தைத் திரும்பப் பெற சட்டமே உரிமை தருகிறது.

என் நாத்தனார் உருகி உருகி எழுதியதைப் போடவே இல்லை. தீபாவளிக்கு இலவசமாகப் பொட்டலம் வாங்கியவர்களின் கருத்துக்குக் கீழே ‘இலவசமாகக் கொடுத்தது’ என்று எழுதினேன். காசு கொடுத்தால் ஐந்து நட்சத்திரம் போட்டுத் தருகிறேன் என்று ஒரு விளம்பர ஏஜெண்ட் வந்தார். வாங்காதவரை வாங்கியவராகக் காட்டுவது 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கும் பொய்ச் சித்திரிப்பு என்றேன். “எல்லாரும் செய்றாங்க லா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

குறை சொன்னவர்களின் கருத்தையும் அழிப்பதில்லை. மல்லித்தூள் கட்டி தட்டியிருந்தது என்று ஒருவர் எழுதியதற்குக் கீழே, பொட்டலம் மாற்றியதைப் பதிலாகப் போட்டேன்.

அண்மையில் மிளகாய் வாங்கும் இடம் மாறியது. பழைய தூளைப் பாராட்டியதைப் புதுத் தூளுக்குக் காட்டி விற்கக்கூடாது என்று அவற்றையெல்லாம் எடுத்துவிட்டேன். புதுத் தூளுக்கு இதுவரை வந்தது ஒரே கருத்து: “காரம் பத்தல.”