பதின்மூன்றாவது முக்கைத் தாண்டியாச்சு

உருகிய மெழுகில் திரியைத் திரும்பத் திரும்ப முக்கியெடுத்து நான் செய்யும் மெழுகுவர்த்திகளில், நேற்று காலை எட்டு ஜோடியும் அடியில் 20 மி.மீ. பருமனைத் தொட்டுவிட்டன. ஒன்பது அங்குல நீளம், ஒன்றில்கூடக் கோணல் இல்லை. ஏப்ரலிலிருந்து இதற்காகத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மனசு நிறைந்திருக்கிறது.

தொல்லை எப்போதும் பதின்மூன்றாவது முக்கில்தான் வந்தது. முதல் பன்னிரண்டு முக்கு ஒழுங்காக ஏறும், பருமன் அளக்கும் காலிப்பர் 9 மி.மீ. காட்டும். அதற்கப்புறம் எத்தனை தடவை முக்கினாலும் அதே 9. சில நாள் 8.5. புதுப் படலம் ஏறுகிற அளவுக்குப் பழையது கரைந்து பாத்திரத்துக்கே திரும்பிப் போய்விடும். முக்குக்கு முக்கு மூன்று நிமிடம் விட்டால் போதும் என்பார்கள். குளிர்ந்த ஊருக்கு அது சரி. மதுரை செல்லூரில் எங்கள் அடுப்படி மே மாத மதியம் 38 டிகிரி. மேல்தோல் ஆறிவிட்டதுபோல் தெரியும், உள்ளே சூடு தங்கிவிடும். அது சேர்ந்து சேர்ந்து பன்னிரண்டாவது முக்கில் குச்சி முழுவதும் களிமண் மாதிரி வளையும்.

வாளித் தண்ணீரில் விட்டு ஆற்றியும் பார்த்தேன். விறுவிறுவென்று பருத்தது. ஆனால் ஏற்றியதும் சடசடவென்று பொரிந்தது. படலங்களுக்கு நடுவே தண்ணீர்த் துளி மாட்டிக்கொள்கிறது. துணியால் ஒற்றியெடுத்தும் போகவில்லை, விட்டுவிட்டேன்.

கைகொடுத்தது விடியற்காலைதான். மூன்றரைக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். "ஏய்யா, கோழி கூவுறதுக்கு முன்னாடியே என்னய்யா வேலை?" என்று அம்மா எழுந்து வந்துவிட்டார்கள். அந்நேரம் அடுப்படியில் 27 டிகிரி. என் பாரஃபின் மெழுகு 58-60 டிகிரியில் உருகுவது, அதைக் கெட்டியாக்கப் பத்து சதவீதம் ஸ்டியரிக் அமிலம் கலந்தது. அதை 68க்கு மேல் போகவிடவில்லை. எட்டாவது ஜோடியை முக்கிவிட்டு முதல் ஜோடிக்கு வரும்போது ஏழு நிமிடம் ஓடியிருக்கும்.

கை இறங்கி ஏற மூன்று எண்ணிக்கைதான், அடியில் ஒரு கணமும் நிற்கக் கூடாது. தூக்கியதும் குச்சி ஈரம்போலப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு மேலிருந்து கீழாக மங்கிக்கொண்டே வரும். நுனியில் தொங்கும் கடைசிச் சொட்டும் வெளுக்கும் வரை அடுத்த முக்கு கிடையாது. புறங்கையால் தொட்டால் வெதுவெதுப்பு தெரியலாம், ஒட்டக் கூடாது. அதற்காக ஒரேயடியாக ஆறிப்போகவும் விடக் கூடாது, அப்படி விட்டால் படலம் பிடிக்காமல் உரிந்துவரும். ஏழெட்டு முக்குக்கு ஒரு தடவை, அடியில் சொட்டி உறைந்த வாலை நறுக்கிவிட்டு, கடப்பாக்கல்லில் உருட்டி நேராக்கினேன். எட்டு மணிக்குள் 32 முக்கு. பாதியில் அரைக் கிலோ மெழுகை உருக்கி ஊற்ற வேண்டியிருந்தது.

பாத்திரம் பட்டறையில் சொல்லிச் செய்தது. 4 அங்குல எவர்சில்வர் குழாய், 15 அங்குல உயரம், அடியில் தகடு வைத்துப் பற்றவைத்தது. இரண்டு கிலோ மெழுகு உருகினால் விளிம்புக்கு மூன்று விரல் கீழே நிற்கும்.

திரி நானே பின்னியது. இங்கே தறி நூலுக்குப் பஞ்சமில்லை. வெண்காரம் நாட்டுமருந்துக் கடையில் கிடைத்தது. உப்போடு கரைத்து ஓர் இரவு ஊறவைத்துக் காயவைத்தேன். சாதாரண முறுக்குத் திரி நிமிர்ந்தே நின்று நுனியில் கரி பூக்கும். சடைத்திரி எரிய எரிய வளைந்து, சுடரின் ஓரத்துக்கு வந்து தானே சாம்பலாகிவிடும். 1820களில் பிரான்சில் கம்பாசெரேஸ் என்பவர் இந்தச் சடைத்திரியைக் கண்டுபிடித்ததால்தான் கரிந்த நுனியைக் கத்தரித்துக்கொண்டே இருக்கும் வேலை ஒழிந்தது. எனக்கு அவர் பெரிய ஆள்.

அடுத்து தேன்மெழுகு. ஒரு கடையில் சுத்தமான மலைத் தேன்மெழுகு என்று தந்தார்கள். உடைத்தால் பாரஃபின் மாதிரி வழவழப்பாக இருந்தது. நல்ல தேன்மெழுகு உடைந்த இடம் குறுணையாக, மங்கலாகத் தெரியும். கொடுத்த காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இனி பழனி மலை அடிவாரத்துக்குப் போய், தேன் எடுப்பவர்களிடமே நேரில் வாங்குவதாக இருக்கிறேன்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குப் பன்னிரண்டு ஜோடி வேண்டும். பெரியப்பா கல்லறை திறந்தவெளியில் இருக்கிறது, மெலிந்த குச்சி அந்தக் காற்றுக்கு ஒருபக்கமாக வழிந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். 20 மி.மீ. வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது அதற்காகத்தான்.

இப்போது எட்டு ஜோடியும் கொடியில் தொங்குகின்றன. மினுமினுப்புக்காக 78 டிகிரியில் ஒரே ஒரு முக்கு பாக்கி. அதை நாளை வெள்ளனவே போட்டுவிடுவேன்.