தொட்டிலுக்கு அருகில் இருக்கும் எட்மா

எங்கள் சித்திர ரீச்சரின் அலுமாரிக் கதவின் உட்பக்கம், பழைய கலண்டரில் வெட்டிய படம் ஒன்று ஒட்டியிருந்தது. என் வகுப்புத் தோழிகளுக்கு நினைவிருக்கும். தொட்டிலில் உறங்கும் குழந்தை, மேலே மெல்லிய வலை, பக்கத்தில் கன்னத்தில் கைவைத்தபடி தாய். "வெறும் வெள்ளையாலை இப்பிடி ஒரு வலை வராது பிள்ளையள், வடிவாப் பாருங்கோ" என்பார். கீறியவர் பெர்த் மொரிசோ என்ற பிரெஞ்சுப் பெண் என்பதற்கு மேல் எங்கள் காதில் ஒன்றும் ஏறவில்லை.

பாரிஸுக்கு வந்து, ஓர்சே அருங்காட்சியகத்தில் அசல் படத்தின் முன் நின்றபோதுதான் அந்தத் தாய் யார் என்று அறிந்தேன். அவர் மொரிசோவின் அக்கா எட்மா. அவரும் ஓவியர்! அரசு ஓவியக் கல்லூரி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. அதனால் இருவரும் தனியாக ஆசிரியர் வைத்துப் படித்தார்கள், லூவர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைப் பார்த்துக் கீறினார்கள், இயற்கைக் காட்சி ஓவியர் கோரோவிடம் கற்றார்கள். 1864இல் அரசின் சலோன் கண்காட்சியில் இருவரது படங்களும் இடம்பெற்றன. 1869இல் எட்மா ஒரு கடற்படை அதிகாரியை மணந்தார். அத்தோடு தூரிகையை வைத்துவிட்டார். வரைந்த நாட்களை நினைத்து ஏங்கித் தங்கைக்குக் கடிதங்கள் எழுதினார். மூன்று வருடங்கள் கழித்து, அந்த அக்காவையும் அவர் குழந்தை பிளான்ஷையும்தான் மொரிசோ வரைந்தார்.

இதை அறிந்தபின் அந்தப் படத்தை வெறும் தாய்மைப் படமாக என்னால் பார்க்க முடியவில்லை. எங்கள் வகுப்பிலும் நன்றாகக் கீறிய எத்தனை பேர் கலியாணத்தோடு விட்டுவிட்டோம்!

மொரிசோ விடவில்லை. 1870இல் அவர் சலோனுக்கு அனுப்பவிருந்த படத்தில் ஓவியர் எதுவார் மனே தானே தூரிகை எடுத்து, மொரிசோவின் தாயின் உருவத்தைத் திருத்தியபோது மனம் நொந்தார், ஆனாலும் ஓயவில்லை. 1874இல் கணநேர ஒளியையும் நிறத்தையும் கீறிய இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் முதல் கண்காட்சியில் இந்தத் தொட்டில் படத்தை வைத்தார். அது விற்கவில்லை, 1930இல் லூவர் வாங்கும்வரை குடும்பத்திடமே இருந்தது. அந்தக் குழுவின் எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் அவர் கலந்துகொண்டார். தவறவிட்டது 1879இல் மட்டும், மகள் ஜூலி பிறந்த சில மாதங்களில். 1895இல், 54 வயதில் காலமானபோது இறப்புச் சான்றிதழில் 'தொழில் இல்லை' என்று எழுதினார்களாம். எனக்கு இன்றும் ஆறவில்லை. மறுவருடம் அவரது படங்களுக்கென நடந்த பெரிய கண்காட்சியில் படங்களை மாட்டும் வேலையை ஓவியர்கள் தெகா, மோனே, ரெனுவார், கவிஞர் மலார்மே ஆகியோரே நின்று செய்தார்கள்.

விடுமுறைக்குப் பாரிஸ் வரும் தோழிகள் ஓர்சேயோடு நின்றுவிட வேண்டாம். ஒன்பதாம் மெட்ரோவில் லா முயெத்தில் இறங்கி மார்மொத்தான் மோனே அருங்காட்சியகத்துக்கும் போங்கள். அங்கே 1881இல் பாரிஸுக்கு அருகிலுள்ள பூஜிவாலில் ஒரு தோட்டத்தில் வரைந்த படம் இருக்கிறது. படத்தில் மொரிசோவின் கணவர் எழேன் மனே, எதுவாரின் தம்பி, மகளோடு இருக்கிறார்; அவர்களை வரைந்தவர் மனைவி. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.